ஏகமனதாகக் காலமானவர்

மக்களாட்சி மீட்பு மன்றத்தின் ஐக்கிய இராச்சியக் கிளையில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாகவே நிறைவேறும். தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான். ஒத்துவராதவர்கள் அந்த முறை கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடுவார்கள். ஒருமுறை வராமல் இருந்தவர்களின் தொகை கொஞ்சம் கூடிப்போக, அவர்கள் எல்லோரும் சேர்ந்து கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம் இன்னொரு மக்களாட்சி மீட்பு மன்றம் தொடங்கினார்கள். அங்கேயும் எல்லாம் ஏகமனதாகவே நிறைவேறுவதாகக் கேள்வி.

மன்றத்தின் தலைவர் கலாநிதி குகதாசன். சனநாயகத்துக்காக நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். இளவயதில் யாழ்ப்பாணத்தில் ரோணியோ மெஷினில் உருட்டி ஒரு பத்திரிகை நடத்தினார். இரண்டு இதழ் வந்தது. மூன்றாவது இதழ் மெஷினில் இருக்கும்போதே அவர் கடல் தாண்ட வேண்டியதாயிற்று. யார் துரத்தியது என்பதில் மட்டும் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. லண்டனின் இல்ஃபோர்ட் மேடையில் பேசினால் ஆமி துரத்தியது. கோலியர்ஸ் வுட் மேடையில் பேசினால் இயக்கமொன்று துரத்தியது. ஆங்கிலத்தில் பேசும்போது சனநாயக விரோத சக்திகள் துரத்தின. துரத்தப்பட்டது உண்மை. அதில் எவருக்கும் சந்தேகமில்லை.

நாட்டில் போடக் கிடைக்காத வாக்கை லண்டனில் கேட்டாவது வாங்கலாம் என்று அவர் ஒரு கட்சியில் சேர்ந்தார். கவுன்சிலராகவும் வென்றார். இப்போது கிழக்கு லண்டனில் ஒரு வார்டின் குப்பைத்தொட்டிகளும் கார் நிறுத்தும் பெர்மிட்டுகளும் அவர் பொறுப்பில் இருந்தன. அதையும் அவர் சாதாரண வேலையாகச் செய்யவில்லை. "குப்பை லொறி ஏழை வீட்டு வாசலுக்கும் பணக்காரன் வீட்டு வாசலுக்கும் ஒரே நாளிலை வருது. இதைக் காணத்தான் நான் அண்டைக்குக் கடல் தாண்டினனான்" என்று கவுன்சில் கூட்டத்திலேயே பேசி, ஆங்கிலேய உறுப்பினர் ஒருவரின் கண்ணைக் கலங்க வைத்ததாக மன்றத்தின் இணையத்தளத்தில் போட்டிருந்தார்கள். அடுத்த தேர்தலில் கட்சி அவரைப் பாராளுமன்றத்துக்கே நிறுத்தக்கூடும் என்ற பேச்சும் அடிபட்டது.

ரதீசனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் கோலியர்ஸ் வுட்டில் பெட்ரோல் ஸ்டேஷன் கல்லாவில் நிற்கிறவன். அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஊரில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற அவனுடைய அண்ணன் தவரூபனை வான் வண்டியொன்றில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா நாகேஸ்வரியும் அண்ணி கலாவதியும் ஏறாத முகாம் இல்லை, போகாத அலுவலகம் இல்லை. "எங்களிட்டை இல்லை" என்பதே எல்லா இடத்திலும் பதில். கடைசியில் அண்ணிக்கு யாரோ ஒரு வழி சொல்லியிருந்தார்கள்; அதை அவள் ஃபோனில் சொன்னாள்.

"தம்பி, அவற்றை பேரை லண்டனிலை ஒரு பெரிய ஆள் வாயாலை ஒருக்காச் சொன்னால் காணும். பேர் வெளியிலை தெரிஞ்ச ஆளைச் சாக்காட்டப் பயப்பிடுவாங்களாம். பாராளுமன்றத்து ஆள் ஒருத்தற்றை காதிலை விழுந்திட்டால் இன்னும் நல்லமாம்."

லண்டனில் ரதீசனுக்குத் தெரிந்த பெரிய ஆள் பெட்ரோல் ஸ்டேஷன் மனேஜர். ஆகவே அவன் தன் வீட்டுக்கார அக்காவிடம் கேட்டான். கனகாம்பிகை அக்காவின் மேல்மாடி அறையில்தான் அவன் வாடகைக்கு இருந்தான். அவ மன்றத்தின் கலாசாரச் செயலாளர்.

"குகதாசன் ஐயா சனிக்கிழமையிலை சேர்ஜரி செய்யிறவர். லைப்ரரிக்குள்ளை. விடியவே போய் இருந்திடும்," என்றா.

கலாநிதி என்றால் டொக்டர்தானே என்று ரதீசன் நினைத்தான். கவுன்சிலர் சனத்தின் குறை கேட்கும் நேரத்துக்கும் இங்கே சேர்ஜரி என்றுதான் பெயர் என்பது அவனுக்குத் தெரியாது; லைப்ரரிக்குள் எப்படி ஒப்பரேஷன் செய்வார்கள் என்பது விளங்கவில்லை. ஆனாலும் லண்டனில் விளங்காதது எத்தனையோ இருந்தது. மனேஜரிடம் ஆஸ்பத்திரி என்று சொல்லி லீவு எடுத்துக்கொண்டு போனான். அங்கே கதிரைகளில் நிறையப்பேர் காத்திருந்தார்கள். யாரும் அவ்வளவு வருத்தக்காரராக, நோயாளியாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த தமிழ் ஐயாவிடம் மெல்லக் கேட்டான்.

"உங்களுக்கு என்ன வருத்தம் ஐயா?"

"பக்கத்து வீட்டுக்காரன்ரை மரம்," என்றார் அவர். "என்ரை வீட்டுக்குள்ளை வெளிச்சமே இல்லை."

"வெட்டுவினமோ?"

"அதைத்தான் கேக்க வந்தனான்."

இவன் முறை வந்தபோது குகதாசன் எழுந்து நின்று கைகொடுத்தார். நரைத்த தாடி, கழுத்தில் சால்வை. ரதீசன் சொன்னதை முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணைத் திறந்தபோது அது ஈரமாக இருந்தது.

"எந்த வார்ட் தம்பி நீர்?"

"நான் வருத்தமில்லை ஐயா."

"இல்லை, எந்த வார்டிலை குடியிருக்கிறீர் எண்டு கேட்டனான்."

"கோலியர்ஸ் வுட்."

குகதாசன் மிகுந்த வேதனையோடு தலையாட்டினார். "அது வேறை கவுன்சில். நான் தலையிட்டால் மரபு மீறல். உம்மடை தமையனும் என்ரை வார்டிலை காணாமல் போகேல்லை. மரபை மீறாமல் இருக்கிறதுதான் தம்பி சனநாயகம். அது இல்லாத படியாலைதானே நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச இருக்கிறம்."

"அப்ப நான் எங்கை போறது ஐயா?"

"மன்றத்துக்கு வாரும். அங்கை எல்லை இல்லை. வாற மாதம் இல்ஃபோர்ட்டிலை எங்கட விழா. எம்.பி. ஒருவர் வாறார். அவற்றை காதிலை விழுத்திறது என்ரை பொறுப்பு." பிறகு கதவைப் பார்த்து, "அடுத்தவர் மரமோ?" என்றார்.

எம்.பி. காதிலே விழுத்துவது என்ற ஒரு சொல் போதும். ரதீசன் ரயில் முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.

மன்றத்தின் செயற்குழுக் கூட்டம் சண்முகராசா என்பவர் வீட்டின் முன்னறையில் நடந்தது. அவர் பொதுச் செயலாளர். ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவர். மன்றத்தின் யாப்பை, அதாவது விதிக்கோவையை, எழுதியவரும் அவர்தான், விளங்கியவரும் அவர் ஒருவர்தான். ரதீசனை அங்கத்தவனாகச் சேர்த்தார்கள். ஆயுட்கால அங்கத்தவர், சாதாரண அங்கத்தவர், சந்தா அங்கத்தவர் என்று மூன்று வகை உண்டு. சந்தா அங்கத்தவர் கதிரை அடுக்கலாம், பேசலாம், வாக்களிக்க முடியாது.

பேசலாம் என்றதால் ரதீசன் கையை உயர்த்தினான். அந்த நேரம் பார்க்கிங் மன்றத்தைக் கண்டிக்கும் தீர்மானம் போய்க்கொண்டிருந்தது. சண்முகராசா இவன் கையையும் எண்ணிவிட்டார். பிறகு வாக்கில்லாதவர் என்று நினைவு வந்து, அந்தக் கையை மட்டும் கழிப்பதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதற்கும் எல்லோரும் கை உயர்த்தினார்கள். தேத்தண்ணி வந்தது. அதற்குப் பிறகுதான் தவரூபனின் பெயர் எடுபட்டது.

"பேரைச் சொல்லிறதிலை பிரச்சினை இல்லை," என்றார் சண்முகராசா. "அடைமொழி என்ன போடுறது எண்டதுதான் பிரச்சினை. காணாமல் போனவர் எண்டால், தானாப் போனவர் எண்டு அர்த்தம் வரும். எங்கை போனவர் எண்டு எம்.பி. கேட்டால் நாங்கள் முழுசவேணும்."

"கடத்தப்பட்டவர் எண்டு சொல்லுங்கோவன்," என்றா கனகாம்பிகை அக்கா.

"ஆர் கடத்தினது எண்டு கேப்பினம். அதிலை மன்றத்துக்கு நிலைப்பாடு இல்லை. நிலைப்பாடு எடுக்கப் போய்த்தான் போன முறை பார்க்கிங்காரர் பிரிஞ்சவை." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதோடை நேரமும் இல்லை. எம்.பி. கொஞ்ச நேரந்தான் நிப்பார். அவர் இருக்கிற நேரத்துக்குள்ளை விளக்கேத்திறதும் அகவணக்கமும்தான் வருது. அகவணக்கம் நல்லது, மொழிபெயர்க்கத் தேவையில்லை. சும்மா எழும்பி நிண்டால் காணும். அந்த இடத்திலை பேர் வாசிக்கிற வழக்கம் இருக்கு. அதிலை சேர்ப்பம்."

ரதீசன் மறுபடி கையை உயர்த்தினான். அகவணக்கம் என்றால் எல்லோரும் எழுந்து தலைகுனிந்து, செத்தவர்களை நினைத்து மௌனமாக நிற்பது.

"அது செத்த ஆக்களுக்கெல்லோ அண்ணை."

"தம்பி, அகவணக்கம் எண்டால் என்ன? அகத்தாலை வணங்கிறது. உயிரோடை இருக்கிறவரை வணங்கக்கூடாதெண்டு யாப்பிலை எங்கை கிடக்கு?"

யாப்பு அவர் மடியில்தான் கிடந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"வாசிக்கேக்கை, இவர் மட்டும் இன்னும் தேடப்பட்டு வருபவர் எண்டு ஒரு வரி சேர்த்து வாசிப்பம்," என்றார் குகதாசன் கருணையோடு. "என்ரை வாயாலை வாசிக்கிறன். எம்.பி. எனக்குப் பக்கத்திலை நிப்பார். யோசியாதையும்."

ரதீசன் யோசித்தான். எம்.பி. பக்கத்தில் நிற்பார், பெயர் காதில் விழும், கூடவே ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, "ஓம் ஐயா" என்றான்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நெருப்பு கொளுத்தினால் அலாரம் அடிக்கும் என்று பள்ளிக்கூடக்காரர் சொல்லியிருந்ததால், கனகாம்பிகை அக்கா மின்சாரக் குத்துவிளக்கொன்று ஏற்பாடு செய்திருந்தா. ஐந்து திரிக்கும் ஐந்து பிரமுகர்கள் அழைக்கப்பட்டிருந்தார்கள். விளக்குக்கு ஆனால் ஒரு சுவிட்ச்தான். எம்.பி. முதலில் அழுத்தினார், ஐந்து திரியும் எரிந்தன, எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது பிரமுகர் வந்து நின்று எரிகிற விளக்கைப் பார்த்தார், சண்முகராசாவைப் பார்த்தார். சண்முகராசா குனிந்து விளக்கை அணைத்தார். பிரமுகர் ஏற்றினார். கைதட்டல். மறுபடி அணைத்தார், மூன்றாமவர் ஏற்றினார். கடைசிப் பிரமுகருக்குச் சுவிட்ச் இறுகிவிட்டது. விளக்கு இருட்டாகவே நிற்க, மேசைக்குக் கீழே வயர் பிடித்துப் பார்த்தார்கள். எம்.பி. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரதீசனும் எம்.பி.யின் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்கு எரிந்ததும் குகதாசன் ஒலிவாங்கிக்கு வந்தார். எம்.பி. பக்கத்தில்தான் நின்றார். நேரம் போய்விட்டதென்று சண்முகராசா விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

"சனநாயகத்துக்காகத் தம் இன்னுயிரை ஈந்த எம் உறவுகளை நினைந்து அனைவரும் எழுந்து நிற்போமாக," என்றார் குகதாசன். பெயர்களை வாசித்தார். ஆங்கிலத்திலும் சொன்னார். கடைசியில் வந்தது செல்லத்துரை தவரூபன். அந்தப் பெயரோடு நிறுத்திக்கொண்டு தலையைக் குனிந்தார். ஒரு வரி வரவில்லை. நேரமில்லை.

தவரூபன் மண்ணெண்ணெய்க்காகத்தான் வரிசையில் நின்றவர்.

மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. ரதீசன் எழும்பவில்லை. எழும்பினால் அண்ணன் செத்துப்போவார் என்று அவனுக்குத் தோன்றியது. கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தான். பின்னால் நின்றவர் குனிந்து தோளில் தட்டினார்.

"தம்பி, எழும்பும். ஆரோ ஒரு பெடியனுக்கு அஞ்சலி நடக்குது."

"அது என்ரை அண்ணை."

"அப்ப இன்னும் வடிவா எழும்பும்."

மௌனம் முடிந்து எம்.பி. மேடையிலிருந்து இறங்கினார். குகதாசன் எதையோ அவர் காதில் சொன்னார். அவர் நேரே ரதீசனிடம் வந்து, அவன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். முகம் உண்மையிலேயே வாடியிருந்தது.

"ஐ ஆம் ஸோ ஸொறி ஃபோர் யுவர் லொஸ்."

ரதீசன் தன்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டினான். "நோ லொஸ், சேர். மிஸ்ஸிங். பிரதர் மிஸ்ஸிங்."

"ஒஃப் கோர்ஸ்," என்றார் எம்.பி. கையை இன்னும் இறுக்கிப் பிடித்து. "ஒஃப் கோர்ஸ் யூ மிஸ் ஹிம்."

படம் எடுத்தார்கள். எம்.பி. போய்விட்டார். பிறகு வரவேற்புரை தொடங்கியது.

இணையத்தளத்தில் அடுத்த நாளே செய்தி வந்தது. கொல்லப்பட்டவர்களுக்கு லண்டனில் எம்.பி. அஞ்சலி. பெயர்கள், படம். படத்தில் ரதீசன் முகம் அழுகிற மாதிரி இருந்தது. ஊரில் இன்டர்நெற் கடை வைத்திருக்கும் பெடியன் அதை அச்சடித்துக்கொண்டு ஓடிப்போய் வீட்டில் கொடுத்திருக்கிறான்.

அண்ணி ஊரிலிருந்து கோல் எடுத்தபோது ரதீசன் கல்லாவில் நின்றான். அவள் அழவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"இஞ்ச பந்தல் போட ஆக்கள் வந்திட்டினம் தம்பி. மாமி படலை வாசலிலை குந்திக்கொண்டிருந்து ஒருத்தரையும் உள்ளுக்கு விடேல்லை. என்ரை சின்னம்மா வந்து என்னைத் தலை முழுகச் சொல்லுறா. அது கிடக்கட்டும், கேளுங்கோ. போன கிழமை ஒரு பெடியனை விட்டிருக்கிறாங்கள். அவன் இவரைக் கண்டவனாம். ஒரே இடத்திலை கிடந்தவையாம். காலிலை காயமாம், ஆனால் கதைச்சவராம். என்ரை பேரைச் சொன்னவராம்."

கல்லாவில் நின்ற வாடிக்கையாளர் சொக்லேட்டை நீட்டியபடி நின்றார்.

"அதைச் சொல்லி முறைப்பாடு குடுக்க மாமியும் நானும் போனனாங்கள். அந்த ஒஃபிசர் உங்கட லண்டன் பேப்பரை எடுத்துக் காட்டுறார். 'உங்கட ஆக்களே செத்திட்டார் எண்டு எழும்பி நிண்டிட்டினம். செத்த ஆளை நாங்கள் எங்கை தேடுறது' எண்டு கேக்கிறார். தம்பி, அதை மாத்திச் சொல்லச் சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே. இவர் இருக்கிற இடம் தெரியேக்கையே கெதியாச் சொல்லுங்கோ."

ஒரு சொல்லுத்தான். அன்றைக்கே அவன் சண்முகராசா வீட்டுக்கு ஓடினான். அவர் தோட்டத்தில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இணையத்தளத்திலை ஒரு திருத்தம் போட்டால் காணும் அண்ணை."

"போடேலாது தம்பி. அது நிறைவேறின விசயம்."

"தீர்மானம் ஒண்டும் இல்லையே. அகவணக்கந்தானே."

"எல்லாரும் எழும்பி நிண்டவை. எழும்பி நிக்கிறது ஏகமனதான சம்மதம். யாப்பிலை அப்பிடித்தான் எழுதியிருக்கிறன்."

"நான் எழும்பேல்லை."

"நீர் சந்தா அங்கத்தவர். உமக்கு எழும்பாமல் இருக்க உரிமை இருக்கு, அது கணக்கிலை வராது." அவர் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். முகம் இளகியது. "எண்டாலும் நாங்கள் மனிசர்தானே. விசேட பொதுக்கூட்டம் ஒண்டு கூட்டுவம். ஒருத்தர் முன்மொழியவேணும், இன்னொருத்தர் வழிமொழியவேணும். மூண்டிலை ரெண்டு பங்கு வாக்குக் கிடைச்சால் உம்மடை அண்ணை உயிரோடை இருக்கிறார்."

விசேட பொதுக்கூட்டத்துக்கு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று சில கிழமை போனது. அந்தக் கிழமைகளில் அண்ணி ஒவ்வொரு நாளும் எடுத்தாள். சொல்லியாச்சோ என்பாள். இன்னும் இல்லை என்பான். விடுபட்டு வந்த பெடியன் பயத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டான் என்றாள். இன்னொரு நாள், அந்த இடத்திலிருந்து ஆட்களை வேறெங்கோ மாற்றுவதாகக் கதை அடிபடுகிறது என்றாள்.

கூட்டத்துக்கு எப்போதும் இல்லாத சனம். ஒருவரை உயிர்ப்பிக்கும் கூட்டம் என்று கேள்விப்பட்டு, இல்ஃபோர்டிலிருந்து ஒரு மலேசிய ஐயாவும் மனைவியும்கூட வந்து இருந்தார்கள். சண்முகராசா பிரேரணையை வாசித்தார்: செல்லத்துரை தவரூபன் உயிருடன் உள்ளார் என இச்சபை கருதுகிறது.

"நான் முன்மொழியிறன்," என்றா கனகாம்பிகை அக்கா.

"வழிமொழிய ஆர் இருக்கினம்?"

யாரும் இல்லை. கதிரைகள் கிறீச்சிட்டன. ஒருவர் இருமினார். ரதீசன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அத்தனை பேரும் நல்ல சனம். அவனுக்குத் தோசை தந்தவர்கள், குளிர்சட்டை தந்தவர்கள். எல்லோரும் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குகதாசன் எழுந்தார்.

"எனக்கு இந்தத் தம்பியின்ரை வேதனை விளங்குது. நானும் ஒரு காலத்திலை காணாமல் போனவன். என்னைத் தேடி இப்பிடி ஒரு கூட்டம் ஒருத்தரும் வைக்கேல்லை. அதை நான் குறையாச் சொல்லேல்லை." சால்வையைச் சரிசெய்தார். "இப்ப ஒரு விசயம் நடந்திருக்கு. எங்கட எம்.பி. அந்தப் பேர்களை எழுத்திலை பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோட்டார். கொல்லப்பட்டவை எண்டு. தவரூபன்ரை பேர் அங்கை இருக்கு. தம்பி கேட்டதும் அதைத்தானே. பேர் போய்ச் சேர்ந்திட்டுது. இப்ப நாங்கள் போய், ஐயா, அதிலை ஒருத்தர் சாகேல்லை எண்டு சொன்னால் என்ன நடக்கும்? ஒருத்தர் சாகேல்லை எண்டால் ஒருத்தரும் சாகேல்லை எண்டு அரசாங்கம் சொல்லும். மற்றக் குடும்பங்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லிறது?"

முன்வரிசையில் ஒரு அம்மா தலையாட்டினா. அவவின் மகன் பெயரும் அதில் இருந்தது. அவன் உண்மையிலேயே செத்தவன்.

"இன்னொண்டு. ஒரு வெள்ளைக்கார மனிசன் மனம் வச்சுத் துக்கப்பட்டிருக்கிறார். தம்பியின்ரை கையைப் பிடிச்சுத் துக்கப்பட்டவர். அந்தத் துக்கத்தைத் திருப்பித் தாரும் எண்டு கேக்கேலுமோ? அது மரியாதையோ? வாற மாதம் கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யுது. அவற்றை ஒரு சொல்லு எனக்கு அங்கை தேவை. எனக்காகக் கேக்கேல்லை. நான் பாராளுமன்றத்துக்குப் போனால் எங்கட சனத்தின்ரை குரல் போகும். போய் முதல் வேலையா, இந்தத் தம்பியின்ரை அண்ணையை நானே என்ரை வாயாலை உயிர்ப்பிக்கிறன். அது வரைக்கும் அவர் கொஞ்சம் பொறுக்கவேணும்."

"அவருக்குக் காலிலை காயம் ஐயா," என்றான் ரதீசன்.

அவன் கை உயர்த்தாமல் பேசிவிட்டான். சண்முகராசா அவனைப் பார்த்து இல்லையென்று மெல்லத் தலையசைத்தார்.

கைதட்டல் முடிந்ததும் சமரசத் திருத்தமொன்று வந்தது. சொற்களைச் சண்முகராசா அங்கேயே செதுக்கினார். செல்லத்துரை தவரூபன் அவர்கள், அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டம் வரை, இறந்தவராகக் கருதப்படும் உயிருள்ளவர். உள் உபயோகத்துக்கு மட்டும். வெளியிடப்படாது. மலேசிய ஐயா மனைவியிடம், "நல்லாதான் எழுதியிருக்காரு," என்று சொல்வது கேட்டது. ஏகமனதாக நிறைவேறியது.

திரும்பி வரும்போது ரயிலில் கனகாம்பிகை அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தா. கோலியர்ஸ் வுட் வந்து, படி ஏறும்போதுதான் வாய் திறந்தா.

"நானும் கையை உயர்த்தினனான் தம்பி."

"கண்டனான் அக்கா."

"உயர்த்தாட்டி வாற முறை நான் வராமல் இருக்கவேணும். வராமல் இருந்தால் எனக்கு இஞ்ச வேறை ஆர் இருக்கினம், சொல்லும்?"

அவனுக்கும் இங்கே வேறு யார் இருக்கிறார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் அண்ணி எடுத்தாள். நாலாம் பம்பில் ஒருவர் வானுக்கு டீசல் அடித்துக்கொண்டிருந்தார். ரதீசன் நடந்ததைச் சொன்னான். இறந்தவராகக் கருதப்படும் உயிருள்ளவர் என்பதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தரம் சொல்லும்போது அவனுக்கே அது என்னவென்று விளங்கவில்லை.

"அந்த இடத்திலை இருந்த ஆக்களை மாத்திப்போட்டாங்களாம்," என்றாள் கலாவதி. "எங்கை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

நாலாம் பம்ப்காரர் உள்ளே வந்து நீட்டிய காசை ரதீசன் எண்ணாமலே கல்லாவுக்குள் போட்டான்.

"சரி தம்பி. உங்கட ஆக்கள் என்னவோ முடிவெடுத்திட்டினம். எனக்கு ஒண்டை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. நான் பொட்டு வைக்கிறதோ, வைக்கேலாதோ? இஞ்ச விடிஞ்சால் அதுதான் பிரச்சினையாக் கிடக்கு. வச்சுக்கொண்டு வெளிக்கிட்டால் ஒரு மாதிரிப் பாக்கினம். வையாமல் விட்டால் மாமி சாப்பிடுறா இல்லை."

"வையுங்கோ அண்ணி," என்றான் உடனே. "அண்ணை இருக்கிறார். நான் சொல்லுறன், வையுங்கோ."

"நீங்கள் சொன்னால் காணாது தம்பி. கோவிச்சுக்கொள்ளாதையுங்கோ. இஞ்ச எல்லாரும் லண்டன் சொல்லட்டும் எண்டுதான் நிக்கினம்."

"நானும் லண்டனிலைதானே அண்ணி இருக்கிறன்."

கலாவதிக்குப் பின்னால் அம்மா யாரோடோ சத்தம் போடுவது கேட்டது.

"அது வேறை லண்டன் தம்பி," என்றாள்.